லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது எழுதிய கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகத் தொடங்கவில்லை. என் மனைவியின் தம்பி என்னிடம் எழுதித் தரச் சொன்னது ஓர் அறிக்கை. அவன் லிஃப்ட் பரிசோதகன். இன்று காலை, வயதானவர்களுக்கான ஒரு மருத்துவமனையில் ஐந்து மாடிகளுக்கும் மேலே இருக்கும் இயந்திர அறைக்கு ஏறி, லிஃப்டைத் தாங்கும் கம்பிக் கயிறுகளைச் சோதித்தான். கயிற்றின் மேல் பழைய துணியை வைத்து மெல்ல ஓடவிடுவார்கள்; உடைந்த இழை இருந்தால் துணி சிக்கும். நான்கு கயிறுகளில் இரண்டில் துணி கிழிந்தே போயிற்றாம்.

மூன்று மணிக்கு என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அத்தான், நீங்க எழுத்தாளர். பொய்யும் இல்லாம உண்மையும் இல்லாம நாலு வரி எழுதிக் குடுங்க. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்."

"உண்மையையே எழுதினா என்ன?"

"ஆறு மாசம் முன்னாடி நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டதும் நான்தான். அன்னிக்கு மேல ஏறவே இல்ல. கீழ நின்னு பட்டனை அழுத்திப் பார்த்துட்டு வந்துட்டேன். இப்ப தேஞ்சிருக்குன்னு எழுதினா, அப்ப என்னத்தைப் பார்த்தேன்னு கேப்பாங்க. வேலை போயிடும்."

அறிக்கை வரவில்லை. கை கதைக்குப் போய்விட்டது. (கோழைத்தனம்தான். எழுதுகிறவர்களுக்கு அது கற்பனை என்ற பெயரில் வரும்.)

2

முதல் தொடக்கம்:

கோபுரத்தின் உச்சியில் அந்த மிருகம் தன் நான்கு நாக்குகளால் மனிதர்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தது. இடுப்பில் வாளோடு அவன் ஏறத் தொடங்கினான், ஒவ்வொரு படியிலும்—

மைத்துனன் வாளும் மந்திரமுமான கதைகளில் ஊறியவன். அவனுக்குப் பிடிக்கட்டும் என்றுதான் இப்படி ஆரம்பித்தேன். எட்டிப் படித்தான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்மாளு போன தடவை கோபுரத்துல ஏறவே இல்லையே அத்தான்."

அதுதான் சிக்கல். அந்த வகைக் கதையில் தீமைக்கு உடம்பு உண்டு. மந்திரவாதியோ ராட்சதப் பாம்போ, வெட்டினால் ரத்தம் வரும். வீரன் திருடனாக, குடிகாரனாக இருக்கலாம்; தீமை என்னவோ அவனுக்கு வெளியேதான் நிற்கும்.

3

இரண்டாவது தொடக்கம். இது எனக்குப் பிடித்த நுவார், அதாவது இருட்டுக் குற்றக்கதை:

மழை பெய்துகொண்டிருந்தது. சான்றிதழில் இருந்த கையெழுத்துக்காரனைத் தேடி நகரம் முழுக்க அலைந்தேன். கடைசியில் அந்தக் கையெழுத்து என்னுடைய—

(மழை இல்லை. வெளியே வெயில் கொளுத்துகிறது. நுவார் எழுத உட்கார்ந்தால் மழை தானாக வந்துவிடுகிறது.)

இது பொருந்தியது. பயப்படும்படி பொருந்தியது. துப்பறிகிறவன் கதவு கதவாகத் தட்டிவிட்டுத் தன் வீட்டுக் கதவில் வந்து நிற்கிறான். எல்லாருக்கும் பங்கு இருக்கிறது. "போன தடவை மாதிரியே எழுதிடுங்க சார்" என்று சிரித்த மருத்துவமனை மேலாளருக்கு, மைத்துனனுக்கு, எனக்கு. ஆம், எனக்கும். அவன் கேட்ட சொல்லை நான் கண்டுபிடித்துத் தாளில் எழுதிவிட்டேன்: 'இயல்பான தேய்மானம்'. அது கிடைத்தபோது எனக்குள் எழுந்த சந்தோஷத்தை உங்களிடம் மறைக்கக் கூடாது.

4

பார்க்கப்போனால் இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். கெட்டுப்போன நகரம், கூலிக்கு வந்த தனியாள். உலகத்தைக் காப்பாற்றுவது இருவர் வேலையும் அல்ல, உயிரோடு வெளியேறினால் போதும். வாள்காரன் தன்னைப் பார்த்துக்கொள்ளாமலே வெட்டுகிறான். துப்பறிகிறவன் தன்னைப் பார்த்துவிட்டதால் கையைக் கட்டிக்கொள்கிறான். அந்தச் சோர்வை ஞானம் என்று நான் நம்பிய காலம் ஒன்று*

"உங்க ஆளு என்ன பண்ணிடுவான்? மழைக்கோட்டு மாட்டிக்கிட்டுப் பெருமூச்சு விடுவான். அவ்வளவுதானே?" என்றான் மைத்துனன்.

"உன் ஆளு மட்டும்? சான்றிதழை வாளால வெட்டுவானா மாப்ளே?"

பக்கத்து அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"ஏண்டா, லிஃப்டை நிறுத்தச் சொல்லிட்டுத்தானே வந்த?"

அவன் மேசையில் கிடந்த தாளைத் திருப்பி வைத்தான்.

"டேய்."

"இல்லக்கா."

* இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டபோது மணி மூன்று நாற்பது.

5

மேலே போய் மறுபடி படித்துப் பாருங்கள். நாற்பது நிமிடங்களில் நான் இரண்டு தொடக்கங்கள் எழுதினேன், மழையைப் பற்றி ஒரு நகைச்சுவை எழுதினேன். அந்த நேரமெல்லாம் அந்த இரண்டு கயிறுகளும் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தன. தினமும் காலையில் கும்பிடுகிறவன் நான். இன்றும் 'யாருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள் ஆண்டவா' என்று கேட்டேன். அவர் வேலையை என் மேசைக்கே அனுப்பிவைத்தார். நான் அதற்கு நடை தேடிக்கொண்டிருந்தேன்.

"உங்க ரெண்டு பேரையும் அப்புறம் வச்சுக்கறேன். முதல்ல போனைப் போடு" என்றாள் என் மனைவி.

மருத்துவமனை லிஃப்ட் வாசலில் உட்கார்ந்து ஆட்களை ஏற்றிவிடும் அம்மாவின் எண் அவனிடம் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"சொல்லுங்க தம்பி. எதையாவது மறந்துட்டுப் போயிட்டீங்களா?"

"அம்மா, லிஃப்டை நிறுத்துங்க. யாரையும் ஏத்தாதீங்க."

"இப்பத்தான் ஒருத்தரை அனுப்பினேன். சக்கர நாற்காலி. மேல போயிட்டிருக்காரு."

அந்த அரை நிமிடத்தை நான்

(முடியவில்லை. காத்திருந்தோம், அவ்வளவுதான்.)

"அஞ்சுல நின்னுடுச்சு. நர்ஸ் இறக்கிட்டாங்களாம். சுவிட்சை அணைச்சிட்டேன்." மூச்சு வாங்கினாள். "இங்க கீழ ரெண்டு பேர் நிக்கறாங்க. படியில நானே கைத்தாங்கலா கூட்டிட்டுப் போயிடறேன். ஆனா தம்பி, மேனேஜர் வராரு. யார் நிறுத்தச் சொன்னதுன்னு கேப்பாரு. பதில் இல்லேன்னா திரும்பப் போடச் சொல்லிடுவாரு. உங்க பேரைச் சொல்லட்டுமா?"

6

முடிவு ஒன்று: அவன் எழுந்து நின்று தன் பெயரை முழங்குகிறான், சுவர்கள் அதிர்கின்றன.

முடிவு இரண்டு: அவன் போனை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறான். வெளியே மழை—

இரண்டையும் அடித்துவிட்டேன். என்னால் முடிந்தது ஒன்றுதான்: 'இயல்பான தேய்மானம்' இருந்த தாளைக் கிழித்துப் போட்டேன். என் மனைவி அவன் தோளில் கை வைத்திருக்கிறாள். அவன் வாய் திறந்திருக்கிறது. இன்னும் ஒலி வரவில்லை.

மீதியை நீங்கள் எழுதுங்கள். எந்த வகைக் கதையாகவும் எழுதலாம், உங்கள் விருப்பம். ஆனால் சீக்கிரம். அந்த அம்மா சுவிட்சைக் கையால் மறைத்தபடி நிற்கிறாள். மேலாளர் அவளிடம் வந்துவிட்டார்.