சாளை முள்

ஜெயினுலாப்தீன் தூக்குப் பாத்திரத்தைத் திறந்ததுமே மூடிவிட்டார். இன்றைக்கும் தயிர்சாதம். எதிரில் முக்காலியில் உட்கார்ந்திருந்த ஷ்யாமளாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை பரீட்சை. அந்தப் பரீட்சை அவள் கையில் இல்லை, அவர் கையில் இருந்தது.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. கை கால் விளங்காமல் திரும்பிய சிப்பாய்களுக்காக வந்த ஆக்குபேஷனல் தெரபி, பம்பாயில் சயான் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பி.ஏ. முடித்தவர்களுக்கான மேல்படிப்பாகியிருந்தது. அடிபட்ட உறுப்பைக் கூடை முடைவது மாதிரி அன்றாட வேலையாலேயே பழக்கி எடுக்கும் வித்தை. மாதுங்காவில் அப்படியொரு படிப்பை யாரும் கேள்விப்பட்டதில்லை. பி.ஏ. படித்துவிட்டுக் கூடை முடையப் போகிறாள் என்று கட்டடமே சிரித்தது. அப்பா சங்கரன் மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு வருஷம் தரேன். தேறலேன்னா ஜாதகத்த வெளில எடுத்துடுவேன். அப்பறம் அழப்படாது" என்றார். சொன்னால் செய்கிற மனுஷர்.

பரீட்சை, கேட்பதற்கு எளிதுதான். ஒரு நோயாளியை ஒப்படைப்பார்கள். அடிபட்ட கையால் ஏதாவது ஒரு வேலையை அவர் யார் உதவியும் இல்லாமல் செய்துகாட்ட வேண்டும். அவளுக்கு வாய்த்தவர் ஜெயினுலாப்தீன். தாராவியில் தோல் பதனிடும் கொட்டகையில் இயந்திர உருளைக்குள் வலது கை போய்விட்டது. தைத்து, ஆறி, தழும்பான பிறகும் கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் ஜென்மப் பகையாளிகளாக விலகியே நின்றன. கூடை முடையக் கொடுத்தால் இடது கையாலேயே சமாளித்தார். ஒருநாள் சாப்பாட்டு வேளையில்தான் விஷயம் தெரிந்தது. மனைவி பேகம் வார்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். இடது கையால் சோற்றைத் தொடுவதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்பது அவர் பிடிவாதம்.

கூடையைத் தூக்கிப் போட்டுவிட்டு, சாப்பிடுவதையே வேலையாக வைத்தாள் ஷ்யாமளா. அதுவரை கெட்டிக்காரிதான். அப்புறம் செய்தது மாதுங்கா ஐயர் வீட்டுப் பெண் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. பாவம், கைக்கு நோகக் கூடாதே என்று வீட்டிலிருந்து குழையக் குழையத் தயிர்சாதம் கொண்டுவந்தாள். "ரேஷன் அரிசிடி" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் அம்மா பிசைந்து கொடுத்தாள். அவரோ அதை நாலு விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார். கட்டைவிரலுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

"தப்பா நெனைக்காதிய டீச்சரம்மா" என்றார் ஜெயினுலாப்தீன். "இது சீக்காளி சோறு. இதத் தின்னு தின்னு கையும் தன்னய சீக்காளின்னே நெனச்சிட்டு."

"வேற என்னதான் பிடிக்கும் உங்களுக்கு?"

பேகம் பதில் சொன்னாள். "இவியளுக்கு சாளை ஆணம்னா உசுரு. நாந்தான் கொண்டாரதில்ல. அதுல சோத்த விட முள்ளுதான் கூட. உருவி உருவி என் வெரலு தேஞ்சிரும்."

"எப்படி உருவுவேள்?"

இது ஒரு கேள்வியா என்பதுபோல் பார்த்த பேகம், கட்டைவிரலையும் ஆட்காட்டிவிரலையும் நுனியோடு நுனி சேர்த்துக் காற்றில் இழுத்துக் காட்டினாள். ஷ்யாமளா அந்த விரல்களையே பார்த்தாள். பாடப் புத்தகத்தில் படம் போட்டுப் பக்கம் பக்கமாக விளக்கியிருந்த பிடி அது.

"நாளைக்கு அதக் கொண்டு வாங்கோ" என்றாள். "முள்ளு எவ்வளவு இருந்தாலும் சரி."

மறுநாளிலிருந்து புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு சாளை மீன் குழம்புக்கு எதிரில் உட்கார்ந்தாள். முதல் நாள் மீன் உதிர்ந்தது, முள் நழுவியது, அவர் தட்டைத் தள்ளிவிட்டார். ஆனால் ஆசை என்று ஒன்று இருக்கிறதே, மறுபடியும் இழுத்துக்கொண்டார். உதவப் போன பேகத்தின் கையை ஷ்யாமளா பிடித்து நிறுத்தினாள்.

வெள்ளிக்கிழமை ஆசிரியை மிஸ் பரூச்சா வந்தாள். தட்டைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். பேகம் எதற்கும் இருக்கட்டும் என்று வலது கையைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஜெயினுலாப்தீன் தட்டின் மேல் குனிந்தார். முதல் முள் பாதியில் ஒடிந்தது. ஷ்யாமளாவுக்கு அப்பாவும் ஜாதகமும் கண்முன் வந்து போயின. அடுத்த முள்ளை அவர் அவசரப்படாமல் தேடினார். இரண்டு விரலும் சேர்ந்தன. முள் முழுசாக வந்தது. அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, சோற்றைப் பிசைந்து, உருட்டி, வாயில் போட்டார்.

"போதும். பாஸ்" என்றாள் மிஸ் பரூச்சா.

ஷ்யாமளா வாய்விட்டே "அப்பாடா" என்றாள். மாதக்கணக்கில் மார்பில் கிடந்த கல் இறங்கியது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போதும்னா எப்புடி? மீனு இன்னும் கெடக்குல்லா" என்றார் ஜெயினுலாப்தீன், தலை நிமிராமல்.

கழுவிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பேகம் நின்றுகொண்டிருந்தாள். விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஒக்காரு புள்ள, ஆறிரும்" என்று அவர் முள் நீக்கிய மீனைத் தட்டில் அவள் பக்கமாகத் தள்ளினார்.