ஆசு இல்லாத வீரையன்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத எனக்குள்ள ஒரே தகுதி, அன்று வீரையனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததுதான். என்னைச் சீட்டாட்டத்தில் யாரும் சேர்ப்பதில்லை. நல்ல சீட்டு வந்தால் காது சிவந்துவிடும்.

‘காவிரி கரைபுரண்ட ஓர் ஆவணியில்...’ [அடித்துவிட்டேன். அந்த வருடம் தண்ணீர் முழங்காலுக்குத்தான் வந்தது.]

2

பூதலூரில் நெய்னா முகம்மதுவின் உரக்கடை. புதிய ஆட்சி வந்து மூன்றாவது வருடம். குத்தகைக்காரர் பெயரைப் பதியச் சட்டம் வந்திருந்தது. ரெத்தினத்தின் மூன்று மா நிலத்தைப் பதினோரு வருடமாக உழுத வீரையன் மனுக் கொடுத்தார். ரெத்தினம் ஆட்சேபித்தார்.

நெய்னா சிங்கப்பூரில் கற்றுவந்த போக்கர் சீட்டாட்டம், ஞாயிறு மத்தியானங்களில் புளியங்கொட்டை வைத்து நடக்கும். அன்று உரம் வாங்க வந்த வீரையனை ரெத்தினமே ஆடக் கூப்பிட்டார். ஒரே ஆட்டம், அதில் வீரையன் ஜெயித்தால் தன் ஆட்சேபணை வாபஸ், தோற்றால் அவர் மனு வாபஸ் என்றார்.

[ஒரு மிராசுதார் இப்படிச் செய்வாரா? நானும் மூன்று நாள் யோசித்தேன். வீரையன் மனுதான் எப்படியும் ஜெயிக்கும் என்று வக்கீல் அவரிடம் சொல்லியிருந்தார் என்று எழுதிய பிறகுதான் எனக்கே நம்பிக்கை வந்தது.]

3

கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு. யாருக்கும் காட்டக் கூடாது. நடுவில் மூன்றை விரித்தார்கள்: ஆசு, ராணி, ஏழு. வீரையனிடம் நாலும் ஒன்பதும். எதனோடும் சேராது.

ரெத்தினம் கொட்டை எதுவும் வைக்காமல் முறையை அடுத்தவருக்கு விட்டார். நெய்னாவும் அப்படியே. கடைசி ஆள் வீரையன். இருவரும் தயங்கியதைப் பார்த்துவிட்டு, தன் குவியல் முழுவதையும் நடுவில் தள்ளினார். மற்றவர்கள் அதே அளவு வைக்க வேண்டும், இல்லையேல் ஆட்டத்தை விட வேண்டும்.

ரெத்தினம் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ‘நான் கல்லைப் போல...’ [பொய். உர நெடியில் தும்மலை அடக்கிக்கொண்டிருந்தேன். காது நன்றாகச் சிவந்திருக்கும்.]

நெய்னா சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டார். வீரையனிடம் ஆசு இருக்கிறதென்று நம்பி, கையில் ராணி இருந்தும் ரெத்தினம் கவிழ்த்தார்.

4

ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாளில் எழுதிய ரெத்தினம், கையெழுத்துக்கு முன் பேனாவை நிறுத்தினார்.

“சீட்டக் காட்டு, வீரையா.”

ஆட்டத்தை விட்டவருக்குக் காட்ட வேண்டியதில்லை என்று நெய்னா சொல்லிக்கொண்டிருக்கும்போதே வீரையன் இரண்டையும் புரட்டிப் போட்டார்.

“சீட்டுதாங்க பொய். பதினோரு வருசம் உழுதது பொய்யில்லிங்க.”

ரெத்தினம் நாலையும் ஒன்பதையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

5

ஒரு பிரதியில் ரெத்தினத்தைத் தாளைக் கிழிக்க வைத்தேன். கதை கம்பீரமாக இருந்தது, ஆனால் வீரையன் நிலமில்லாமல் நின்றார். கிழித்தது நான்தான் என்று வெட்கமாகிவிட்டது.

ஏன் காட்டினீர்கள் என்று வீரையனிடம் கேட்டேன். மூட்டையைச் சைக்கிளில் கட்டியபடி, மடை திறந்து கிடக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். அவர் சொல்லாத பதிலை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கிலும் நான்தான் பேசுகிறேன். நீங்களே வாய்க்கால் கரையோடு போய்க் கேட்டு, இங்கே நிரப்பிக்கொள்ளுங்கள்.

வீரையன் சொன்னார்: “