காளியாத்தாள் பூவும் கொழும்புப் புத்தகக் கடையும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷத்தில் சேலம் ஜில்லாவில் பகுத்தறிவு என்று ஒன்று இருந்ததென்றால், அது என் ஒருவனிடம்தான் இருந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறு யாரும் உரிமை கொண்டாடாததால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அத்தாட்சி வேண்டுமானால் என் கொழும்புப் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னிமலை என்ற என் தாய்மாமன் வெண்ணந்தூர்ச் சேலைகளைக் கொண்டுபோய்க் கொழும்பில் கடை வைத்திருந்தார். நான் காலேஜில் சேர்ந்த வருஷமே கடுதாசி போட்டார்: "கோடை லீவுக்கு வா மாப்ளே. இங்கே கோட்டைங்கற எடத்துல ஒரு புஸ்தகக் கடை இருக்குது. சீமைக் கப்பல்ல எறங்கற புஸ்தகம் நேரா அங்கதான் வருது."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இலங்கையைப் பற்றி நூலகத்தில் இருந்த அத்தனையும் படித்துத் தீர்த்தேன். கண்டியில் மழை எத்தனை அங்குலம் என்று எங்கள் ஊர்க் கிணற்றடியில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

என்னைப் பெற்ற அய்யன் அப்புசாமி ஒரே வார்த்தையில் முடித்தார். "காளியாத்தா கிட்டப் பூக் கேட்டுப்போட்டு அப்பறம் பாக்கலாம்."

வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் குலுக்கி அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் கூடாது. எங்கள் வீட்டில் கிணறு வெட்டியதும், எருமை விற்றதும் இப்படித்தான். எருமையை விடுங்கள், அது பள்ளிக்கூடம் போனதில்லை. நான் காலேஜில் தர்க்க சாஸ்திரம் படிக்கிறவன்!

முதல் வருஷம் சிவப்பு. மறு வருஷமும் சிவப்பு.

"ஏனுங்கய்யா, கொழும்பு எந்தத் திக்குன்னு அரளிச் செடிக்குத் தெரியுமுங்களா?" என்று பொங்கினேன்.

"உனக்குத் தெரிஞ்சு என்ன பண்ணுனே? ஊட்லதானே உக்காந்திருக்கறே."

மூன்றாம் வருஷம் படிப்பு முடிந்தது. ஆவணியில் எனக்குக் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். இந்தச் சித்திரையை விட்டால் கொழும்பைப் படத்தில்தான் பார்க்க வேண்டும். அந்தச் சமயம் பார்த்து, வழக்கமாகப் பொட்டலம் கட்டும் பூசாரி சின்னான் காய்ச்சலில் படுத்துவிட்டார். "பொட்டலம் நானே கட்டறேன்" என்றாள் என் அம்மா பொன்னாத்தாள். அய்யன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார்.

வெள்ளை!

நான் துள்ளினேன். உடனே கொதித்தேன். பொட்டலம் கட்டியிருந்த காகிதம் என் புத்தகத்தின் முதல் தாள்.

"எழுத்துக் கம்மியா இருந்த தாளாப் பாத்துத்தான் கிழிச்சேன் சாமி" என்றாள் அம்மா.

அதோடு விட்டாளா? நான் பெட்டியில் இருபத்திரண்டு புத்தகங்களை அடுக்கி வைத்தால், ஒரு மூலையில் இரண்டு பொட்டலங்களையும் செருகினாள். "ரெண்டுமே ஆத்தா காலடியில கெடந்தது. எடுத்துக்கிட்டுப் போயிரு கண்ணு. இங்க வெக்க வேண்டாம்."

"மூடநம்பிக்கைக்கு என் பெட்டியில் இடமில்லை!" என்றேன். இடம் இருந்தது. அவள் எனக்கு வைத்த இரண்டு வேட்டிகளை நான் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தேன்.

பயணம் சுகம். தனுஷ்கோடியில் கப்பல் ஏறினேன். கடலைப் பற்றிய அத்தியாயத்தை நான் முடிப்பதற்குள் கடல் முடிந்து தலைமன்னார் வந்துவிட்டது. கண்டியில் ஏரிக்கரையில் உட்கார்ந்து, அந்த ஏரியைப் பற்றி நன்றாகப் படித்தேன். மாமன் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன் இருந்ததில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் கோட்டைக் கடைக்குக் கூட்டிப்போனார். கூரைவரை புத்தகம். கப்பல் வாடை போகாத புத்தகம்.

"ஒண்ணு எடு மாப்ளே. கல்யாணச் சீரா வெச்சுக்க."

ஒன்று! ஒரு கையில் வர்ணப் படங்கள் போட்ட உலக சரித்திரம். மறு கையில் செங்கல் கனத்துக்கு ஒரு நாவல். தர்க்கப்படி சரித்திரம்தான் உத்தமம். அதே தர்க்கப்படி, சரித்திரம் பிறகும் கிடைக்கும். ஆகவே நாவல்தான் உத்தமம். மூன்று மணி நேரம் நின்றேன். கடைக்காரர் விளக்கை அணைத்துவிட்டு, "காலையில் வாருங்கள்" என்றார்.

விடிந்தது. மாமன் கூடத்தில் ஷேவ் செய்துகொண்டிருந்தார். நான் உள்ளறைக் கதவைச் சாத்தினேன். பெட்டியைத் திறந்தேன். மூலையில் பொட்டலங்கள். ஒரு ஆராய்ச்சிதான், வேறொன்றுமில்லை. பிரித்திருந்ததை முன்போலவே மடித்து, இரண்டையும் தலையணைக்கடியில் குலுக்கினேன். வெள்ளை வந்தால் நாவல், சிவப்பு வந்தால் சரித்திரம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன்.

வாடிப்போன வெள்ளரளி. நாவல்!

சிவப்பைச் சன்னல் வழியே வீசிவிடலாமென்று மற்றதையும் பிரித்தேன். அதுவும் வெள்ளரளி.

காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டாவது பொட்டலத்தின் காகிதமும் என் புத்தகத் தாள்தான். அதிலும் எழுத்துக் கம்மி. இதை ஏன் வீட்டில் வைக்கக் கூடாது என்றாள் என்று இப்போது தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா, அய்யனையும் காளியாத்தாளையும் ஒரே நாளில் ஏய்த்து, என்னைக் கப்பல் ஏற்றியிருக்கிறாள். என்ன அக்கிரமம்! அப்படியானால் இப்போது வந்த தீர்ப்பு செல்லுமா? இரண்டும் வெள்ளையாக இருந்தால் கேட்டதற்கே அர்த்தமில்லையே!

காகிதங்களை மட்டும் நீவி, கிழிந்த இடத்தில் வைத்துப் புத்தகத்தை மூடினேன். கூடத்துக்கு வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, ஏதோ ஞாபகம் வந்தவன்போலக் கேட்டேன்:

"மாமா, இந்த ஊர்ல செவ்வரளி எங்கீங்க கெடைக்கும்?"