வாரியல், சீமாறு, துடைப்பம்

நெய்வேலி நகரியத்தில் இருக்கும் அந்தக் கலை அறிவியல் கல்லூரியில் ஆண்டுக்கு ஒருநாள் வகுப்பு நடக்காது. மாணவர்கள் செய்த ஆய்வு, வரைந்த ஓவியம், எடுத்த குறும்படம் எல்லாம் அன்றைக்குக் கலையரங்கத்துக்கு வந்துவிடும். பெற்றோரும் வந்து பார்ப்பார்கள்; நடுவர்கள் பார்த்துப் பரிசு கொடுப்பார்கள்.

மணிமொழியும் ஹரிணியும் தமிழ் இலக்கியம் இரண்டாம் ஆண்டு. மணிமொழி கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். ஹரிணி சுரங்கக் குவார்ட்டர்ஸிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா நெடுமாறன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். எல்லா மாவட்டத்தாரும் கலந்து வாழும் ஊரில் பிள்ளைகள் எந்த ஊர்த் தமிழ் பேசுகிறார்கள்? இதுதான் இருவரும் எடுத்துக்கொண்ட ஆய்வு. வகுப்பு வகுப்பாகப் போய் வீட்டுச் சாமான்களின் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். துடைப்பத்தின் படத்தைப் பார்த்த அத்தனை பேரும் துடைப்பம் என்றுதான் சொன்னார்கள். மற்றப் படங்களுக்கும் அதே கதைதான்.

'பெற்றோரின் ஊர்ச்சொற்கள் பிள்ளைகளிடம் மறைந்துவிட்டன' என்று ஆய்வை எழுதி ஒட்டிய அட்டையின் அடியில் சிவப்பு மையில் முடிவை எழுதினாள் ஹரிணி.

அன்று அந்த அட்டையைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. பக்கத்து மேசையில் இயற்பியல் மாணவன் சத்யா, தானே தரையைக் கூட்டும் இயந்திரம் ஒன்றைச் செய்து வைத்திருந்தான். கூட்டம் முழுக்க அங்கேதான். ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்த நெடுமாறன்கூட மகளின் அட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

"உங்கப்பாவே நம்மள பாக்கல" என்றாள் மணிமொழி.

"அவருக்கு மிஷின்னா போதும்" என்றாள் ஹரிணி.

சத்யா ஒரு முறம் நிறையக் காகிதத் துண்டையும் சாக்பீஸ் தூளையும் தரையில் கொட்டி இயந்திரத்தை முடுக்கினான். அது உள்ளே இழுப்பதற்குப் பதிலாக வெளியே ஊதியது. தூள் புகையாக எழும்பி முன்வரிசையில் நின்றவர்கள் தலையிலெல்லாம் இறங்கியது. காகிதம் அரங்கம் முழுக்கப் பறந்தது. ஒரு பேராசிரியரின் மீசை வெள்ளையாகிவிட்டது. சிரிப்பும் தும்மலுமாக ஒரே அமளி. நடுவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னதும் சத்யா பதறிக் கத்தினான்.

"டேய், சீமாறு எங்கடா? யாராச்சும் ஒரு சீமாறு எடுத்துட்டு வாங்கடா."

"மேடைக்குப் பின்னால வெளக்குமாறு கெடக்கு" என்றது ஒரு பெண் குரல்.

"ஏட்டி ஹரிணி, அந்த வாரியல எடு" என்றார் நெடுமாறன்.

"இங்க வாரியல் இல்லப்பா" என்று மேடைக்குப் பின்னாலிருந்து கத்தினாள் ஹரிணி.

"தொடப்பக்கட்ட எங்க டிபார்ட்மெண்ட்ல கீது, நான் எடுத்தாரேன்" என்று கிளம்பிய மணிமொழி, இரண்டடி வைத்ததும் நின்றுவிட்டாள். சத்யாவின் அம்மா சேலத்துக்காரர். படத்தைக் காட்டிக் கேட்டபோது துடைப்பம் என்று பதில் சொன்னவன் அவன். இப்போது சீமாறு என்கிறான்.

ஹரிணி வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"இன்னாடி சொன்ன நீ இப்போ? வாரியல்னுதானே?" என்றாள் மணிமொழி.

ஹரிணிக்கு முகம் சிவந்தது. "வீட்ல அப்பிடித்தான் சொல்லுவோம். காலேஜ்ல யாரு சொல்லுவா?"

"அப்ப நம்ம முடிவு தப்பு."

"ஐயோ, பேசாம இரு. ஜட்ஜ் வந்துட்டாங்க."

மணிமொழி சிவப்பு எழுத்தின்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டாள். அவள் பேனாவை மூடுவதற்குள் நடுவர் பொற்கொடி மேசைக்கு வந்துவிட்டார். வெளியூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் தோளிலும் கொஞ்சம் சாக்பீஸ் தூள் இருந்தது.

"முடிவை ஏம்மா அடிச்சிருக்கீங்க?"

"அது தப்புங்க மேடம். இப்பதான் தெரிஞ்சுது." மணிமொழி நடந்ததைச் சொன்னாள். "நாங்க பரீட்ச மாதிரி கேட்டுகினு இருந்தோம். அவங்களும் புஸ்தகத்துல இருக்கற வார்த்தையாவே சொல்லிட்டாங்க. அவசரத்துல கத்தும்போதுதான் வூட்ல பேசற வார்த்த வந்துச்சுங்க."

"எத்தனை வார்த்தை வந்துச்சு?"

"எங்களோடதும் சேத்து நாலு" என்றாள் ஹரிணி மெதுவாக.

பொற்கொடி அட்டையை மறுபடி மேலிருந்து கீழ்வரை படித்தார். "ஒரு சொல் மறையல, ஆளுக்குத் தகுந்த மாதிரி ஒளிஞ்சுக்குதுன்னு சொல்றீங்க. கேள்வி கேக்காம, பேசறதைக் கேட்டு இதைத் திரும்பச் செய்ய முடியுமா?"

"செய்வோங்க மேடம்" என்றார்கள் இருவரும்.

முதல் பரிசு கரிச்சுரங்கத்தை நீர்வண்ணத்தில் வரைந்திருந்த ஒரு பையனுக்குப் போனது. இவர்களுக்குப் பரிசு இல்லை. ஆனால் மேடையில் பொற்கொடி, தன் முடிவைத் தானே அடித்த ஆய்வு ஒன்றை இன்று பார்த்தேன், அதை எங்கள் பல்கலைக்கழகத்து மாணவர் கருத்தரங்கில் கேட்க ஆசைப்படுகிறேன் என்றார். எல்லாரையும்விட உரக்கக் கைதட்டியவன் சத்யா. தலைமுடி இன்னும் வெள்ளையாகவே இருந்தது அவனுக்கு.

கோடையில் இருவரும் குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகப் போனார்கள். படம் எதுவும் கொண்டுபோகவில்லை. அனுமதி கேட்டுக்கொண்டு, அடுக்களை வாசலில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு பேச்சைக் கேட்டார்கள். கருத்தரங்கில் கட்டுரையைப் படித்தவள் மணிமொழி. நடுவில் இரண்டு இடத்தில் அவள் ஊர்ப் பேச்சின் 'கினு' வந்துவிட்டது. அவள் திருத்திக்கொள்ளவில்லை.