கார்டை வைத்து வாங்கிய கார்

எனக்கு அறிவு இருந்ததா என்று நீங்கள் கேட்க வேண்டாம். நானே ஆயிரம் தடவை கேட்டாயிற்று.

பெயர் ராஃபேல். ஈஜோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. காட்டுக் கம்யூனிஸ்டுகளை அடக்க மலாயாவில் அவசரகாலம் வந்து, தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்ட மறுவருடம், என் மனைவி மவுரீனுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி எடுத்தது. பட்டப்பகல்தான், ஊரடங்கு நேரமில்லை. ஆனால் தோட்டத்திலிருந்த ஒரே லோரி அரிசி ஏற்றக் கோலசிலாங்கூருக்குப் போயிருந்தது. மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டது. அவள் அங்கிருந்தே கிள்ளானிலிருந்த தன் அண்ணன் பெர்னாட் வீட்டுக்குப் போய்விட்டாள். "கார் ஒன்னு வாங்கிட்டு வந்து கூப்புடுங்க, வர்றேன். இல்லாட்டி அந்த வேலிக்குள்ள எனக்கு என்ன வேலை?" என்றாள்.

எட்டு மாதம் போயிற்று. கிராணி வீடு, தொழிலாளிகள் குடியிருந்த லயங்களை விட்டுத் தள்ளி இருந்தது. ஆபீஸைப் பூட்டிவிட்டு வந்தால் பேச ஓர் ஆள் கிடையாது. ஆக்கிய சோற்றில் பாதி நாய்க்குத்தான் போனது. தனியாக இருக்க எனக்கு வராது. இதைச் சொல்வதில் என்ன வெட்கம்?

அப்புறம்தான் அவள் கடிதம் வந்தது. பெர்னாட்டுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது, சனிக்கிழமை சாயந்தரம் ரயில் ஏறுகிறார்கள். மூன்று மணிக்குள் நான் காரோடு வந்தால் என்னோடு வருவாள், வராவிட்டால் அண்ணனோடு போய்விடுவாள். காரோடு வருகிறேன் என்று உடனே தந்தி அடித்தேன்.

சனிக்கிழமை காலை கோலசிலாங்கூரில் பழைய கார் விற்கும் சீன முதலாளி, தவுக்கேயிடம் ஒரு கறுப்பு ஆஸ்டினைப் பேசி முடித்தேன். மாதத் தவணைக்கு ஒத்துக்கொண்டார். முன்பணத்தில் மட்டும் இருநூறு வெள்ளி குறைந்தது. "அதுக்கு என்ன வெச்சிட்டுப் போவே லா?" என்று மலாயில் கேட்டார்.

அவசரகாலத்தில் எவனும் இல்லாமல் நடமாட முடியாத அடையாளக் கார்டை, சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சிரிக்காதீர்கள். தோட்டத்தில் புதிதாகச் சேரும் ஆளின் கார்டை வாங்கி என் மேசையில் பூட்டி வைப்பதுதான் என் வழக்கம். ஆள் ஓடமாட்டான், பாருங்கள். வெளியே போகிறவன் வந்து கேட்டு வாங்கிக்கொள்வான். கார்டு என்றால் பிணை என்றே எனக்குப் பழகிவிட்டது. என்னையோ வாசல் காவலர்கள் ஒருநாளும் கார்டு கேட்டதில்லை. சலாம் வைத்துத் திறந்துவிடுவார்கள்.

கிள்ளான் போகும் வழியில் காப்பாரைத் தாண்டியதும் சாலையை மறித்துச் சோதனை. மணி ஒன்றரை. செல்லையா என்ற தமிழ்ப் போலீஸ்காரர் கை நீட்டினார். லைசென்ஸைக் கொடுத்து, ஈஜோக் தோட்டத்துக் கிராணி என்றேன்.

"கார்டு எங்கங்க?"

"கடையில வெச்சிருக்கேன். இந்தக் காருக்கு அடகு."

"அடக் கடவுளே! கிராணியாரே, கார்டை யாராச்சும் அடகு வைப்பாங்களா? காட்டுக்காரங்க கையில குடுத்துட்டு எங்கிட்ட கதை விடுறீங்களா?"

"ஐயோ, இல்லங்க! மூணு மணிக்கு எம் பொண்டாட்டி காத்துக்கிட்டு இருப்பா. என்கூட ஓர் ஆளை அனுப்புங்க. அவளைப் பாத்துட்டு நேரா உங்ககிட்டயே வந்துடறேன்!"

அனுப்பவில்லை. ஸ்டேஷனில் உட்காரவைத்துத் தவுக்கேயை விசாரிக்க ஆள் அனுப்பினார்கள். அடுத்தவன் கார்டை வைத்திருந்தால் அவருக்கும் ஜெயில்தான். பயந்துபோய், கார்டைக் கண்ணாலும் பார்க்கவில்லை என்று சாதித்துவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது? சுவர்க் கடிகாரத்தில் மூன்று அடித்தபோது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். செல்லையா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான், கார்டுக்குப் பதில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து விட்டார்கள். நேராகக் கிள்ளானுக்கு ஓட்டினேன். பெர்னாட் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு டொரீன் அக்கா வெளியே வந்தார்.

"பொட்டியைக் கட்டி வெச்சிக்கிட்டு வாசல்லயே நின்னாப்பா. அண்ணன் ரயிலுக்கு நேரமாச்சுன்னு ரெண்டு வாட்டி கூப்புட்டாரு. 'இன்னும் கொஞ்ச நேரம்ணே, கார்ச் சத்தம் கேக்குது'ன்னா. எல்லாம் வேற காரு."

"எங்க போயிருக்காங்கன்னு விலாசம் எதுவும் குடுத்தாளாக்கா?"

"கேட்டேன்பா. 'வேணாங்கா, காரோட வர்றேன்னு பொய்த் தந்தி அடிச்ச மனுசனுக்கு எதுக்கு'ன்னுட்டா."

நான் தெருவில் நின்ற ஆஸ்டினைக் காட்டினேன். டொரீன் அக்கா காரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்ல காருதான்," என்றார்.