ஜாஹிர் கடைச் சுவரில் ஒரு கடல்

எனக்கு நீச்சல் தெரியாது. பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தும் கணுக்காலுக்கு மேல் கடல் தண்ணீரை ஏறவிட்டதில்லை. அப்படிப்பட்ட என்னிடம்தான் கடலுக்கு அடியில் இருப்பதை வரையச் சொன்னார் ஜாஹிர் அண்ணன்.

சூலியா தெருவில் அவருடைய நாசி கண்டார் கடை, சோற்றில் விதவிதமாய்க் கறி ஊற்றித் தருகிற சாப்பாட்டுக் கடை. பக்கத்துக் கடையையும் எடுத்துப் பெரிதாக்கியிருந்தார். புதுப் பகுதியில் ஒரு சுவர் முழுக்க நல்ல ஆரோக்கியமான பவளப்பாறை வேண்டும் என்றார். ஜார்ஜ் டவுனில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் சைக்கிளும் பூனையும்தான், மீன் தலைக் கறி விற்கிற கடைக்குக் கடல்தானே பொருத்தம் என்றார். வீட்டில் எல்லாருக்கும் பிடித்துவிட்டால் கீழே என் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளலாமாம்.

அதுதான் என்னை விழ வைத்தது. பதினைந்து வருஷமாகச் சுவர் வரைகிறேன். டயர் கடைக்கு டயர், பல் கிளினிக்குக்குப் பல், கோயிலுக்குப் புலி. பெரிய ஓவியர்கள் போட்ட டிசைனுக்கு நான் ஏணியில் நின்று வண்ணம் அடிப்பேன், படம் எடுக்கிற கூட்டம் கீழே அவர்கள் பெயரைப் படித்துவிட்டுப் போகும். ஒரே ஒரு சுவரிலாவது 'காமினி' என்று இருக்க வேண்டும் என்று எனக்கு வெறி.

முதலில் வந்தவர் ஜாஹிர் அண்ணனின் அத்தா, ஷேக் அலாவுதீன். எண்பதை நெருங்குகிற மனுஷர். இளவட்டத்தில் கெடா பக்கம் இருக்கிற ஒரு தீவுக்கு மீன் படகில் போய் முங்கியவராம். சுவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல வரைந்தேன். முறம் அகலத்துக்குச் சிவப்பு விசிறிப் பவளம், கத்தரிப்பூ நிறத்தில் புதர், மஞ்சளில் கொம்பு, ஆட்டுக்குட்டி அளவுக்குக் கெராப்பு என்கிற களவா மீன். முடிந்ததும் எழுந்து வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

"இதாம்மா. தண்ணிக்குள்ள தலைய வுட்டா இப்படித்தான் இருக்கும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன். பெரியவருடைய அத்தா இருந்திருந்தால் இதையெல்லாம் மீன் என்றே ஒத்துக்கொண்டிருக்க மாட்டாராம், அவர் காலத்துக் கெராப்பு மாட்டு சைஸாம். வயசானவர்கள் எதையும் கூட்டித்தான் சொல்வார்கள் என்று சொல்லிச் சிரித்தார் பெரியவர்.

மறுநாள் ஜாஹிர் அண்ணன் பார்த்தார். அவர் ஸ்கூல் முடித்த கையோடு அதே தீவில் டைவிங் படித்தவர். அத்தா ஆட்டை எல்லாம் மீனாக்கிவிட்டார், இது கடலா தீபாவளி சேல்ஸா என்று கேட்டார். வண்ணத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். கெராப்புவைத் தட்டில் அடங்குகிற அளவுக்குச் சுருக்கச் சொன்னார். சிவப்பு விசிறியே கூடாதாம், அவர் கண்ணால் பார்த்ததில்லையாம். அடித்து மறைத்து, அவர் சொன்னபடி வரைந்தேன். பெரியவர் நாற்காலியை ரோட்டுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் வந்தாள் அண்ணனின் மகள் இமான். யூனிவர்சிட்டியில் படிக்கிறாள், போன வருஷம்தான் டைவிங் லைசென்ஸ் எடுத்தாள். சுவரைப் பார்த்ததும் என்மேல் இரக்கப்பட்டாள். போனில் படம் காட்டினாள். பழுப்பாக இருந்தது, நடுவில் கொஞ்சம் பச்சை, விரல் நீளத்துக்கு நாலு மீன்.

"இதான்க்கா ஹெல்த்தி ரீஃப். நாங்க சர்வேல 'குட்'னு போட்டோம். நீங்க வரைஞ்சது கார்ட்டூன்லா."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. மூன்று பேரையும் நிற்க வைத்து, நீங்கள் போனது ஒரே தீவுதானா என்று கேட்டேன். ஒரே தீவுதான், தெற்குப் பக்கம்தான் என்றார்கள். அப்புறம் ஏன் ஆளுக்கொரு கடல்? தாத்தா கதை விடுகிறார் என்றாள் பேத்தி. அண்ணன் அவளுக்கு எதுவும் தெரியாது என்றார். பெரியவர் இரண்டு பேருக்கும் கண்ணில் கோளாறு என்றார். கடைசியில் செல்ல மகள் ஜெயித்தாள். மறுபடியும் மறைக்க வேண்டியதாயிற்று.

கடை திறக்க ஒரு நாள்தான் இருந்தது. வயிறு எரிய எரிய, சுவர் முழுக்க அடிப்பூச்சாக வெள்ளை அண்டர்கோட் பெயின்ட்டை உருட்டினேன். அதன்மேல் அடையாளத்துக்குச் சாம்பலில் நாலு கிளைக் கோடு இழுத்துவிட்டு, அது காய்வதற்குள் சாப்பிட்டு வரலாம் என்று போனேன்.

திரும்பி வந்தால் சுவருக்கு முன்னால் இமானும் அவள் சிநேகிதிகளும் மாற்றி மாற்றிப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பிரஷ்ஷைக் கையில் எடுத்ததும் ஓடி வந்து தடுத்தாள்.

"தொடாதீங்கக்கா. போன மாசம் தீவுல முங்கிப் பார்த்தப்ப அப்படியே இப்படித்தான் இருந்துச்சு."

தண்ணீர் சூடாகிப் பவளம் எல்லாம் வெளுத்துவிட்டதாம். கொஞ்சம் சீக்குதான், ஆனால் பார்க்க என்ன அழகு என்றாள். கடை கிளீனாக இருக்கிறது, நல்ல வெளிச்சமும் வருகிறது என்றார் ஜாஹிர் அண்ணன். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இன்னும் ஆரம்பிக்கலியாம்மா?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், இங்கே களிமண்ணே மிச்சமில்லை. பெயரைப் போடுங்கள் என்றார் அண்ணன். போட்டேன். மிச்சமிருந்தது சிவப்புதான். அந்தக் கடலில் நிறம் என்று இருந்தது என் பெயர் ஒன்றுதான்.

சுவருக்குப் பேர் கிடைத்துவிட்டது. வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். போன வாரம் செபராங் ஜெயாவிலிருந்து ஒரு பல் டாக்டர் கூப்பிட்டார். கிளினிக்குக்கு அதே கடல் வேண்டுமாம், அந்தச் சாம்பல் கோடுகள் மட்டும் கொஞ்சம் அதிகமாம்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்தத் தடவை விடுவதில்லை, உண்மையான கடல் எப்படி இருக்கும் என்று இந்த ஆளுக்குக் காட்டுகிறேன் என்று, பெரியவர் சொல்லி நான் வரைந்த முதல் கடலின் படத்தைப் போனில் தேடி எடுத்தேன். பார்த்ததும் திக்கென்றது. என்ன இது, திருவிழாப் பந்தல் மாதிரி? நானா இப்படி வாரி அடித்தேன்?

போனிலேயே கலரைக் கொஞ்சம் குறைத்துவிட்டுத்தான் டாக்டருக்கு அனுப்பினேன்.