வாய் திறக்காத வசந்தாமணியும் மாப்பிள்ளையின் மீட்டரும்

இந்தத் தடவை மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வாயையே திறக்கக் கூடாது என்று, தன் தலைமேல் கைவைக்கச் சொல்லி மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள் மயிலாத்தாள். காரணம் இல்லாமல் இல்லை. கணபதி ஏரியாவில் ஒரு ஸ்டெபிலைசர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கும் வசந்தாமணி, போன தடவை பெண் பார்க்க வந்தவனிடம், "உங்க வாட்ச் பத்து நிமிசம் ஸ்லோவுங்க" என்று சொல்லித் தொலைத்தாள். வந்தவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

இன்றைக்கு அவிநாசியிலிருந்து வந்திருந்த திருமூர்த்தியை அவளுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. மோட்டார் கம்பெனி சூப்பர்வைசர். பெண் பார்க்க வருகிறவன் எவனாவது கரண்ட் அளக்கும் புது டிஜிட்டல் மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு வருவானா? இவன் வந்தான். அதற்காகவே பிடித்தது.

அவனும் சும்மா இருக்கவில்லை. அவள் அப்பா சுப்பையனின் டார்ச் பேட்டரியை வாங்கி மீட்டரில் வைத்து, "ஒண்ணு புள்ளி நாலு வோல்ட். நல்லாத்தான் இருக்குதுங்க மாமா" என்றான். சுப்பையன் பூரித்துப்போனார்.

அந்த நேரம் பார்த்து, வடைக்கு ஆட்டிக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றுபோனது. "நான் பாக்கறனுங்க" என்று எழுந்த திருமூர்த்தி, பிளக்கைப் பிடுங்கினான், சுவரிலிருந்த ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தான், மீட்டரின் இரண்டு முனைகளையும் உள்ளே வைத்தான். சைபர்.

"மெயினை நிறுத்திப்போடட்டுங்களா மாப்ளை?" என்றார் சுப்பையன்.

"வேண்டாமுங்க மாமா. இதுல கரண்டே இல்ல. ஒயரு லூசாட்ட இருக்குது."

கதவோரம் நின்ற வசந்தாமணி மீட்டரைப் பார்த்தாள். அதன் குமிழ் இன்னும் பேட்டரி பார்த்த டி.சி.யிலேயே நின்றது. வீட்டு லைனோ ஏ.சி. குமிழை மாற்றாமல் வைத்தால், கரண்ட் ஓடுகிற ஒயருக்கும் அது சைபர்தான் காட்டும். சத்தியத்தை மீறினால் இந்தச் சம்பந்தமும் கைவிட்டுப் போகும். மீறாவிட்டால் மாப்பிள்ளை உலகத்தை விட்டே போவான். அவன் விரல் ஒயரை நெருங்கிவிட்டது.

மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து அவன் மணிக்கட்டில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா லட்சுமியம்மாள் துள்ளி எழுந்தாள். "ஏனுங்க, பொண்ணுப் பாக்க வந்தவன வெளக்குமாத்துல அடிக்கற ஊடுங்களா இது? டேய், கெளம்புடா!"

எல்லாம் போயிற்று என்று நினைத்தாள் வசந்தாமணி. அப்போதும் பேசவில்லை. மீட்டரை வாங்கி, குமிழை ஏ.சி.க்குத் திருப்பி அவனிடமே நீட்டினாள். அவன் மறுபடி முனைகளை வைத்தான். இருநூற்று முப்பத்தொன்று வோல்ட்.

திருமூர்த்தி, "மெயினை நிறுத்துங்க மாமா" என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "தொட்டிருந்தா போய்ச் சேந்திருப்பனுங்கம்மா."

லட்சுமியம்மாளின் குரல் இறங்கியது. "அதுக்கு, தொடாதீங்கன்னு வாயில ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல அம்மணி?"

வசந்தாமணி தன் அம்மாவைப் பார்த்தாள். மயிலாத்தாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "பேசவே கூடாதுன்னு நாந்தானுங்க சத்தியம் வாங்கிப்போட்டேன்."

முதலில் சிரித்துவிட்டவர் சுப்பையன். பிறகு லட்சுமியம்மாளாலும் அடக்க முடியவில்லை. "பேசாமயே இந்த அடி அடிக்கறாளே, பேச உட்டா என்ன ஆவறது?"

மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே திருமூர்த்தி சொன்னான்: "பேச உடுங்கம்மா. வாயில சொன்னா இந்தளவுக்கு வலிக்காதுங்க."